'சினிமா கூடாது' என்று சொன்ன பிறகு நாம் கேட்காமல் விடும் கேள்வி



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் எடுக்கும் கம்பெனிகளில் அலுவலக உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். அவர்கள் நடிக்கவோ இயக்கவோ போகவில்லை. காலையில் அலுவலகத்தைத் திறப்பது, கதை விவாதம் நடக்கும் அறைக்குத் தேநீர் கொண்டுபோவது, வசனத் தாள்களை ஜெராக்ஸ் எடுப்பது, டப்பிங் நடக்கும் இடத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது, செலவுச் சீட்டுகளை ஒட்டி மேனேஜரிடம் கொடுப்பது, படப்பிடிப்பு இருக்கும் நாளில் அங்கும் ஓடுவது, இவையே அவர்களுடைய வேலை. இவர்களைப் பற்றி நம் ஜமாஅத்துகளில் ஒரே ஒரு கேள்விதான் எழுகிறது: சினிமாக் கம்பெனியில் வேலை பார்ப்பது கூடுமா, கூடாதா? 'கூடாது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, இரவு எத்தனை மணிக்கு அவன் அறைக்குத் திரும்புகிறான், எழுத்தில் ஏதேனும் கொடுத்திருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த மௌனத்தைக் கண்டிக்கவே இதை எழுதுகிறோம்.

மார்க்கத் தீர்ப்பை எதிர்த்து எழுதுவதாக எவரும் எண்ண வேண்டாம். பாவமான காரியத்தில் ஒருவருக்கொருவர் துணைபோவதை அல்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தடுத்திருக்கிறது. எந்த வேலை அந்தத் துணையில் சேரும், எது சேராது என்பதை விளக்கும் பொறுப்பு ஆலிம்களுடையது. அவர்களுள் கடுமையாகச் சொல்பவர்களும் உண்டு. எடுக்கப்படும் படத்தின் தன்மையைப் பார்த்தே சொல்ல முடியும் என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. தீர்ப்பைச் சொன்னவுடன் நம் கடமை தீர்ந்துவிட்டதாகக் கருதிக்கொள்ளும் மனப்போக்கைத்தான் கேட்கிறோம். ஒருவன் செய்யும் வேலை கூடாதது என்றே வைத்துக்கொண்டாலும், அவனை ஏமாற்றி உழைப்பை வாங்கிக்கொள்வது கூடுமென்று எந்த மத்ஹபில் எழுதியிருக்கிறது?

திரைத்துறையைப் பற்றி நம் சமுதாயம் வாயே திறப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளோடு நின்றபோது நம் வீடுகளில் எழுந்த மகிழ்ச்சியை நாம் அறிவோம். இசை கூடுமா என்ற கேள்வி அன்றைக்கு அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வெளியாக இருந்தபோது முஸ்லிம் அமைப்புகள் ஒன்றுகூடி எதிர்த்தன. தமிழ்நாட்டில் படம் தடைபட்டு, பேச்சுவார்த்தைக்குப் பின் பிப்ரவரி 7 அன்று வெளியானது. திரையில் நாம் எப்படிக் காட்டப்படுகிறோம் என்பதற்காகத் தெருவில் இறங்கத் தெரிந்த சமுதாயம் இது. அந்தத் திரைக்குப் பின்னால் டீ கிளாஸ் கழுவும் நம் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறான் என்பதற்காக ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறதா?

இனி, இந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதைப் பார்ப்போம். சினிமா மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. பஞ்சாலைகளை நம்பிப் பல தலைமுறைகள் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. 'தானே' புயலில் சிதைந்து, பிறகு நொண்டி நடந்து, 2020இல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டது. சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்தவனுக்கு அங்கேயும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிதான். மறுபுறம் படப்பிடிப்பு நம் வாசலுக்கே வருகிறது. 2011 ஜனவரியில் ஆங் லீ 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்தபோது வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் படப்பிடிப்புத் தளமாயிற்று. 2015இல் வந்த 'நானும் ரௌடிதான்' புதுச்சேரியையே கதைக்களமாகக் கொண்டது. கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் தேடி இன்றும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. வந்த குழுவுக்கு உள்ளூர் வழி தெரிந்த ஒருவன் வேண்டும். எங்கே ஜெனரேட்டர் கிடைக்கும், எந்தக் கடையில் நூறு பேருக்குச் சாப்பாடு கட்டுவார்கள், எந்த அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு பையன் வேண்டும். நான்கு நாள் ஓடியாடிய பையனிடம் மேனேஜர் சொல்வார்: "தம்பி, நல்லா வேலை பாக்குற. சென்னைக்கு வந்துடு, ஆபீஸ்ல வச்சுக்கறேன்." சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு மாடி வீட்டு அலுவலகத்தில் பாய் விரித்துப் படுக்கும் வாழ்க்கை அப்படித் தொடங்குகிறது.

'பாய்' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிற சமயச் சகோதரர்கள் நம்மை மரியாதையாக 'பாய்' என்று அழைப்பதற்குச் சகோதரன் என்று பொருள். ஆபீஸ் பாய் என்பதில் வரும் பாய்க்கு ஏவலுக்கு நிற்கும் பையன் என்று பொருள். நம் பிள்ளை அந்த அலுவலகத்தில் இரண்டு பொருளிலும் பாய் ஆகிறான். பெருநாள் வந்தால் "பாய், பிரியாணி எங்கே?" என்று உரிமையோடு கேட்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் எங்கே என்று அவன் கேட்க முடியாது.

சிறிய வேலை என்பதால் அதில் இழிவு ஒன்றுமில்லை என்பதை நம்மவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்ததாகத் தாமே சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. கூலி இவ்வளவு என்பதும் அந்தச் செய்தியோடு சேர்ந்தே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பணியில் சேர்ந்த நிகழ்ச்சியை அல்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்று காலம் முதலிலேயே பேசப்படுகிறது. சிரமப்படுத்த மாட்டேன் என்று வேலை கொடுப்பவர் வாக்களிக்கிறார். இருவரும் அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேறில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியை நம் மேடைகளில் கேட்காத ஆண்டில்லை. ஓர் ஆளை அமர்த்தி, முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலி கொடுக்காமல் விட்டவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதும் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இத்தனையும் தெரிந்த நாம்தான் "சம்பளம் சரியா வருதாப்பா?" என்று ஒருமுறை கேட்க மறந்துபோகிறோம்.

நாம் அறிந்த ஒரு பிள்ளை, தொடர் எடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் ஏழு மாதம் இருந்தான். நான்கு மாதச் சம்பளம் வந்தது. மீதிக்குச் சொல்லப்பட்ட காரணம், 'சேனலிலிருந்து பணம் இன்னும் வரவில்லை.' சினிமாவிலும் இதே பாட்டுத்தான்: பைனான்சியர் கைவிட்டுவிட்டார், வியாபாரம் ஆகவில்லை, படம் ரிலீஸ் ஆகட்டும் பார்க்கலாம். கேட்பவனுக்கு இரக்கம் வரும்படிதான் இது சொல்லப்படுகிறது. ஆனால் ஃபிக்ஹ் இந்தக் காரணத்தை ஒருபோதும் ஏற்காது. முளாரபா வேறு, இஜாரா வேறு. முளாரபாவில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் வந்தால் பேசியபடி பங்கு, வராவிட்டால் உழைத்தவரின் உழைப்பு வீண். இஜாராவோ கூலிக்கு அமர்த்துவது. அதில் கூலி இவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்; வேலை முடிந்தால் அது கடனாகிவிடுகிறது; முதலாளிக்கு இலாபமா நட்டமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. படம் ஓடினால் ஆபீஸ் பையனுக்கு வசூலில் பங்கு உண்டா? இல்லை. அப்படியென்றால் ஓடாதபோது மட்டும் அவன் ஏன் பங்காளியாக்கப்படுகிறான்? இலாபத்தில் கூலியாளாகவும் நட்டத்தில் கூட்டாளியாகவும் ஒரே மனிதனை நடத்தும் இந்தத் தந்திரத்துக்கு 'வாய்ப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். "வாய்ப்பு குடுத்திருக்கோம், காசைப் பாக்காதே" என்கிறார்கள். வாய்ப்பை அடகு வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது.

நம் சமுதாயத்திலும் படம் எடுப்போர், தொடருக்குப் பணம் போடுவோர், கேமராவும் விளக்கும் வாடகைக்கு விடுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். உம்ராவுக்குப் புறப்படுமுன் கடன்களைத் தீர்த்துவிட்டோமா என்று பார்க்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கணக்கில் அலுவலகத்தைப் பெருக்கிய பையனின் பாக்கிச் சம்பளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா?

அடுத்தது, கூடும் கூடாது என்பதில் உண்மையிலேயே அக்கறை உள்ளவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. புதுச்சேரியில் மது விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பது ஊரறிந்தது. வெளியூரிலிருந்து வரும் குழுவினரில் சிலருக்கு இந்த ஊரின்மேல் உள்ள காதலுக்குக் கடற்கரை மட்டும் காரணமில்லை. இரவு வேலை முடிந்ததும் உள்ளூர்ப் பையனிடம் பணத்தைக் கொடுத்து, "போய் வாங்கிட்டு வா" என்பார்கள். மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதைச் சுமந்து செல்பவனும் உண்டு என்று நபிமொழி எச்சரிக்கிறது. தேநீர் கொடுப்பது கூடுமா என்று மணிக்கணக்கில் வாதிடும் நாம், கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாத இந்த ஏவலைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறோமா? முடியாது என்று சொன்னால் வேலை போகும் என்ற அச்சத்தில் அவன் நிற்கும்போது, வேலை போனாலும் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இது மறுமைக் கணக்கோடு முடிவதுமில்லை. நம் கொம்யூன்களின் எல்லை நேர்கோடாக இருப்பதில்லை. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் அரியூரைக் கடந்தால் கண்டமங்கலம் தமிழ்நாடு. இன்னும் சற்றுத் தூரம் போனால் திருபுவனை மீண்டும் புதுச்சேரி. பாகூர்ப் பக்கத்தில் முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இங்கே வாங்கிய பாட்டில்களோடு அந்தக் கோட்டைக் கடந்தால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் கம்பெனி வண்டியை மறித்தால் பை யார் மடியில் இருக்கிறதோ அவன்மேல்தான் வழக்கு. இயக்குநர் பின்னால் வரும் காரில் இருப்பார். நெற்றியில் தொழுகைத் தழும்புள்ள ஒரு பையன் மது கடத்திய வழக்கில் பெயர் எழுதப்பட்டு நிற்பதை எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அரசு வேலைக்கு எழுதிப் போடும்போதும் அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

பாஸ்போர்ட் என்றவுடன் வளைகுடாவைப் பற்றியும் பேச வேண்டும். துபாயில் ஆபீஸ் பாய் விசா என்றால் நம் வீடுகளில் விருந்து வைக்கிறோம். அந்த அலுவலகம் வட்டி வங்கியா, மது பரிமாறும் நட்சத்திர ஓட்டலா என்று கேட்பவர் குறைவு. கோடம்பாக்கத்து ஆபீஸ் பாய்க்கு மட்டும் ஏன் இந்தக் கூர்மையான விசாரணை? அந்நியச் செலாவணிக்கு ஹலால் முத்திரை எளிதாகக் கிடைக்கிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். அதே வளைகுடாவிலிருந்து ஒரு நல்ல பாடத்தையும் நம்மவர்கள் கற்று வந்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தாளில் சம்பளம் எழுதியிருக்கிறதா, தங்குமிடம் யார் பொறுப்பு, விடுப்பு எத்தனை நாள் என்று பார்க்காமல் அங்கே எவரும் விமானம் ஏறுவதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2009இலிருந்து தனியார் நிறுவனச் சம்பளத்தை வங்கி வழியாகச் செலுத்த வைத்து அரசே கண்காணிக்கிறது. தன் விசாவுக்கு இத்தனையும் பார்த்த தந்தை, மகனைச் சென்னைக்கு அனுப்பும்போது "மேனேஜர் நல்ல மனுஷன்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுகிறார்.

நல்ல மனிதர்கள் திரைத்துறையில் இல்லாமலில்லை. நல்ல மனிதரின் இரக்கத்தை நம்பி ஒரு தொழில் நடக்கக் கூடாது என்பதே நம் வாதம். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூவர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர். மற்றொருவர் தயாரிப்பு உதவியாளர். இன்னொருவரும் திரையில் முகம் காட்டாத தொழிலாளிதான். நாயக நடிகரான கமல் ஹாசன் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். தயாரிப்பு நிறுவனமும் நிவாரணம் அறிவித்தது. பெரிய படம் என்பதால் நாடே பார்த்தது. பெயர் தெரியாத ஒரு தொடரின் படப்பிடிப்பில், லைட்டுக்கு ஒயர் பிடிக்க அவசரத்துக்கு அழைக்கப்பட்ட ஆபீஸ் பையனுக்கு மின்சாரம் தாக்கினால் யார் கோடி அறிவிப்பார்? அவன் அந்த இடத்தில் வேலையில் இருந்தான் என்பதற்கே தாள் இருக்காது. அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாயைத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சிக்கு வழங்கினார். சங்கத்தில் இருப்பவனை அத்தகைய உதவி தேடி வரும். நேற்றுச் சேர்ந்து, வருகைப் பதிவேட்டில்கூடப் பெயரில்லாதவனுக்கு எந்த வழியில் வரும்?

ஆகவே தாள் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்னும் கட்டளையே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாக அமைந்திருக்கிறது. எழுத்து கேட்பது நம்பிக்கையின்மை என்று வெட்கப்பட நமக்கு என்ன இருக்கிறது? நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தமின்றித் திரைப்படத் தொழிலாளியை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. திறன் தேவைப்படாத வேலையும் உடலுழைப்பும் அதன் வரையறைக்குள் அடங்கின. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொலைக்காட்சித் தொடர் உள்ளிட்ட ஒலி-ஒளித் தயாரிப்புத் தொழிலாளர்களுக்கும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகின்றன. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். சட்டம் தானாக நடந்து சாலிகிராமத்துக்குப் போகாது என்பது நமக்கும் தெரியும். யாராவது கேட்க வேண்டும். தனியாளாக ஒரு பையன் கேட்டால் அடுத்த நாள் வேறு பையன் வருவான். ஜமாஅத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் போனால் மேனேஜர் இருமுறை யோசிப்பார்.

திருமணத்துக்கு ஜமாஅத்தில் பதிவேடு இருக்கிறது. தகராறுக்குப் பஞ்சாயத்து இருக்கிறது. வெளியூரில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பதில் என்ன சிரமம்? சுல்தான்பேட்டை போன்று நம்மவர்கள் திரளாக வாழும் இடத்தில் இதைத் தொடங்கினால் மற்ற ஊர்களும் பின்பற்றும். பிள்ளை எந்தக் கம்பெனிக்குப் போகிறான், பேசிய சம்பளம் என்ன, தங்குவது எங்கே என்று எழுதிக்கொள்ளலாம். அவன் சேரும்போதே இரண்டு நிபந்தனைகளைச் சொல்லிவிடப் பழக்கலாம்: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், மது வாங்கும் வேலைக்கு அனுப்பக் கூடாது. திரையுலகுக்கும் வெள்ளிக்கிழமைதான் பெருநாள். படம் ரிலீஸ் ஆகும் நாளில் அந்த ஒரு மணி நேரத்தைப் பெறுவது எளிதன்று. முதல் நாளே பேசியிருந்தால் கிடைக்கும். அன்றைக்குப் போய்க் கேட்டால் திட்டுத்தான் கிடைக்கும்.

இப்படிக் கடிதம் எழுதினால் ஜமாஅத் சினிமாவை அங்கீகரித்ததாகிவிடாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தியேட்டருக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒருவன் வண்டி மோதி விழுந்தால், எங்கே போய் வந்தாய் என்று விசாரித்துவிட்டா ஆம்புலன்ஸ் அழைப்போம்? அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் உரிமை பெரியவர்களுக்கு உண்டு. அதைச் சொல்லும் அன்றே பைத்துல்மாலிலிருந்து ஒரு தையல் இயந்திரத்துக்கோ, ஓட்டுநர் பயிற்சிக் கட்டணத்துக்கோ வழிசெய்து தருவார்களானால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும். பத்தாண்டுகள் நபிகளாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருநாளும் தம்மை 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். ஏவலுக்கு நின்ற ஒரு சிறுவனின் சாட்சியம் அது. நம் ஊர்ப் பிள்ளை அலுவலகத்திலும் திட்டு வாங்கி, ஊருக்கு வந்தால் பள்ளிவாசல் வாசலிலும் வசை கேட்கிறான்.

சம்பளப் பாக்கியோடு வேலையை விட்டு வந்த பிள்ளைகள் நம் தெருக்களில் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்பந்தத் தாள் இராது. ஆனால் மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும்; முதல் சில மாதச் சம்பளம் ஜி-பேயில் வந்த பதிவு இருக்கும்; கூரியர் ரசீதில் அவர்களுடைய கையெழுத்து இருக்கும்; படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கும். போனை மாற்றுவதற்குள் அவற்றைப் படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊதியக் கோரிக்கைக்குப் புதிய சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. வருகிற ஜும்ஆ முடிந்ததும் பத்து நிமிடம் அவர்களோடு உட்காருங்கள். வேலை கொடுத்த கம்பெனியின் முழு முகவரியை முதலில் எழுதி வாங்குங்கள்.